கூட்டறிக்கையில் வினைச்சொல்லைப் பிடிப்பது எப்படி?

சீனத் தலைவர் கோலாலம்பூர் வந்து போனதும் நாளிதழ்த் தலைப்பை நம்பாதீர்கள். கூட்டறிக்கையின் இரு பிரதிகளை, அதாவது விஸ்மா புத்ராவின் (மலேசிய வெளியுறவு அமைச்சு) ஆங்கிலப் பிரதியையும் பெய்ஜிங்கின் சீனப் பிரதியையும் அருகருகே வையுங்கள்.

முதலில் தைவான் பத்தி, அதாவது தைவான் சீனாவின் பகுதி என்ற சீன நிலைப்பாட்டைப் பற்றியது, அதிலும் வினைச்சொல். சீனாவுடன் வெளியிட்ட 1972 ஷாங்காய் கூட்டறிக்கையிலும் 1979 கூட்டறிக்கையிலும் அமெரிக்கா இந்த நிலைப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் போட்டது ஒரே 'அக்னாலெஜ்'தான். சீனப் பிரதியிலோ முதலில் 'ரென்ஷிதாவ்', அதாவது அறிந்திருக்கிறது. 1979இல் 'செங்ரென்', ஒப்புக்கொள்கிறது. வாஷிங்டன் ஆங்கிலத்தையே பிடித்துக்கொண்டது. (பேரம் பேசத் தெரிந்தவர்கள்!) ஒரு பிரதியை மட்டும் படித்தால் இந்த இடைவெளி தெரியாது. இயந்திர மொழிபெயர்ப்பும் நுணுக்கத்தைக் கரைத்துவிடும். சீனப்பள்ளியில் படித்த நண்பருக்கு மாமாக் கடையில் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

அடுத்து தென்சீனக் கடல். 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் பெயர் இருக்கிறதா, முந்தைய அறிக்கையில் இருந்து இப்போது விடுபட்டதா என்று பாருங்கள். 'வெளிப்படையான பேச்சு' என்றிருந்தால் பெரும்பாலும் உரசல்.