‘வந்து’ வந்து போகட்டும்: பேச்சில் ஒட்டிக்கொண்ட சொற்களை உதிர்ப்பது எப்படி?

“சிறப்பு விருந்தினர் வந்து இன்னும் வரவில்லை.”

ஒலிவாங்கியில் நான் இப்படிச் சொன்னதும் முன்வரிசைப் பாட்டி ஒருவர் சத்தமாகக் கேட்டார்: “தம்பி, வந்துட்டாரா, வரலையா?” அரங்கமே சிரித்தது.

சிங்கப்பூரில் 15 வருடமாக நிகழ்ச்சி நெறியாளராக இருக்கிறேன். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 5ஆம் தளம், சமூக மன்றங்கள், தெம்பனிஸ் அடுக்குமாடி புளோக்குக் கீழே நடக்கும் கல்யாணங்கள் என்று எல்லா மேடையும் பார்த்தாயிற்று. ஏப்ரலில் தமிழ்மொழி விழா தொடங்கிவிட்டால் சனி, ஞாயிறு வீட்டில் இருக்க மாட்டேன். பாட்டி அப்படிக் கேட்ட அன்று வீடு திரும்பியதும் மகள் நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தைக் காட்டினாள். ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். “அப்பா, ‘வந்து’ மட்டும் 41.”

நீங்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கைப்பேசியில் 10 நிமிடம் பதிவு செய்யுங்கள், போதும். ஆனால் நீங்களே எண்ணாதீர்கள். நம் சொல் நம் காதுக்குப் பழகிப்போயிருக்கும். வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அதைவிடக் கறாரான கணக்கப்பிள்ளை கிடைக்காது.

அடுத்து, அந்தச் சொல் எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள். என்னுடைய 41இல் பெரும்பாலானவை எழுவாயை அடுத்தே விழுந்திருந்தன. “இந்தப் பரிசு வந்து…”, “நம் தலைவர் வந்து…” தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆளைச் சொல்லிவிட்டோம், அவர் என்ன செய்தார் என்பதை மனம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளிக்குக் கொடுக்கும் முட்டுதான் ‘வந்து’. எனவே அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டாதீர்கள். எழுவாயைச் சொன்னதும் வாயை மூடி, மனத்துக்குள் ‘ஒன்று’ என்று எண்ணுங்கள். பேசுகிறவருக்கு அது ஒரு யுகம். கேட்கிறவருக்கு வெறும் மூச்சு. இரண்டு வாரம் வீட்டிலேயே பழகினேன். மனைவி இரண்டாம் நாளே “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள்.

‘ஒரு’வும் இப்படித்தான். “ஒரு அருமையான ஒரு நிகழ்ச்சி” என்பதில் நிகழ்ச்சி எத்தனை? ‘அருமையான’ போன்ற பெயரடையைத் தேடும் நேரத்தில் முதல் ‘ஒரு’ நழுவி விழுந்துவிடுகிறது. பெயரடையை விட்டுவிடுங்கள், அந்த ‘ஒரு’வும் போய்விடும்.

மேடைக்கென்றே சில சொற்றொடர்கள் உண்டு. “கைத்தட்டல் பத்தல, இன்னும் பலமா!” என்று நானும் கெஞ்சியிருக்கிறேன். பிள்ளை ஆடி முடித்து மூச்சு வாங்கும்போது மூன்று விநாடி சும்மா இருந்து பாருங்கள், கூட்டம் தானாகத் தட்டும். “நேரம் கருதி” என்று தொடங்குகிறவர் இருபது நிமிடத்துக்குக் குறைந்து இறங்கியதை நான் பார்த்ததில்லை. அவர் காதில் முன்பே சொல்லிவிடுங்கள்: “ஐயா, அதைச் சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன்.” ‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’ இரண்டையும் எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். ஒன்றும் குறையாது.

சிங்கப்பூர்ப் பேச்சில் கடைசியில் ஒட்டும் ‘லா’வை மட்டும் தொடாதீர்கள். “வா லா” என்றால் செல்லம், “வேணாம் லா” என்றால் சலிப்பு கலந்த சமாதானம். வேலை செய்து சம்பளம் வாங்கும் சொல் அது. நம் பழைய புலவர்களும் ‘அரோ’, ‘மாதோ’ என்று போட்டவர்கள்தானே! இலக்கணம் அவற்றுக்கு அசைநிலை (தனிப்பொருள் இல்லாமல் நிற்கும் சொல்) என்று பெயர் வைத்து, உட்கார இடமும் கொடுத்தது. ஆனால் அந்த இலக்கண நூல்களில் ஒன்றான நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’, ‘மிகைபடக் கூறல்’ இரண்டையும் சேர்த்திருக்கிறது. எங்கள் மேடைகளை அதன் ஆசிரியர் பவணந்தியார் முன்பே பார்த்துவிட்டாரோ என்று தோன்றும்.

ஒரு எச்சரிக்கை. ஒன்றை விரட்டினால் இன்னொன்று குடியேறும். என் ‘வந்து’ 6க்கு இறங்கிய மாதம் ‘சரி’ 23க்கு ஏறியிருந்தது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு சொல், குறைந்தது ஒரு மாதம்.

அப்புறம், மற்றவரிடம் எப்படிச் சொல்வது? நாலு பேர் முன்னால் எண்ணிக்காட்டினால் நட்பு போகும். பதிவை மட்டும் அனுப்புங்கள், ஒரு வரிகூட எழுதாதீர்கள். சக நெறியாளர் ஒருவருக்கு அப்படித்தான் அனுப்பினேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் இரவு அழைத்தார்.

“அண்ணே, நான் வந்து…”

அவ்வளவுதான், நிறுத்திவிட்டார். பின்னால் மின்விசிறி சுற்றுவது கேட்டது. நானும் பேசாமல் காத்திருந்தேன்.