வாய் திறந்த கரடி: போட்டிக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறந்த விலங்குகளின் தோலைப் பதனிட்டு, உயிருள்ளதுபோல் நிறுத்தி (பாடம் செய்து) போட்டிக்கு வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. 1880இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் இதற்கென்றே ஒரு சங்கம் தோன்றி, அதே ஆண்டில் முதல் கண்காட்சியையும் நடத்தியது. இன்றைய மாநிலப் போட்டிகளுக்கு வாய் திறந்த கருங்கரடியுடன் வரும் புதியவர்களிடம், நாங்கள் ஒரு காலத்தில் செய்த பிழைகளையே திரும்பக் காண்கிறேன். தையல் தெரிவது, ரோமம் கலைந்திருப்பது போன்றவற்றை அவர்களே விரைவில் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

உள் உதட்டை வெட்டி எறிவது

இன்றும் என்னைச் சினமூட்டும் தவறு இதுதான். தலையை உரிக்கும்போது கத்தியை உதட்டின் வெளி விளிம்பிலேயே ஓட்டிவிடுகிறார்கள். வெட்ட வேண்டிய இடம் அதுவன்று. உதட்டின் உட்புறத் தோல் ஈறோடு சேரும் மடிப்பில், எலும்பை ஒட்டியே கத்தி செல்ல வேண்டும். மூடிய வாய்க்கு உள் தோல் சிறிதளவு இருந்தால் போதும், அது தோலைப் போர்த்தும் செயற்கைத் தலையின் வாய்ப்பிளவுக்குள் மறைந்துவிடும். திறந்த வாயிலோ அந்த உட்புறம் ஈறுவரை வெளியே தெரியும். கரடியின் உதடு ஈறோடு இறுகப் பிணையாமல் தளர்வாகத் தொங்குவதால் மறைத்துக்கொள்ளவும் வழியில்லை.

உள் தோலை முழுமையாக எடுத்த பிறகும் வேலை முடிவதில்லை. வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையே விளிம்புவரை பிளந்து விரித்தால்தான் உப்பும் பதனிடும் கரைசலும் உள்ளே இறங்கும். பிளக்காமல் விட்டால் உதட்டோர ரோமம் கொத்தாகக் கழன்றுவிடும்.

சென்ற பருவத்தில் ஓர் இளைஞர் கொண்டுவந்த கரடி தூரத்திலிருந்து பார்க்க மிக நன்றாக இருந்தது. நடுவர் கைவிளக்கைக் கீழ்த்தாடையின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்ததும், பல்வரிசைக்கும் உதட்டுக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு ஓர் இருண்ட இடைவெளி தெரிந்தது. குட்டையாக வெட்டப்பட்ட உதட்டை இழுத்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார். காயும்போது தோல் சுருங்கி, பிடிமானமில்லாத பக்கமெல்லாம் பின்வாங்கிவிட்டது. எபாக்ஸியால் (இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பசைக் கலவையால்) நிரப்பலாம் என்பது உண்மைதான், ஆனால் நிரப்பிய இடத்தில் உண்மைத் தோலின் மெல்லிய சுருக்கம் வராது, தோல் முடிந்து எபாக்ஸி தொடங்கும் கோட்டைத்தான் நடுவரின் கண் முதலில் பிடிக்கும். பதனிடக் கொடுத்துக் காத்திருந்த மாதங்கள், தோலைப் போர்த்தும் ஃபோம் உடல், வாய்க்குள் பொருத்தும் செயற்கைத் தாடைத் தொகுதி ஆகியவற்றின் செலவு அத்தனையும், முதல் நாளில் தவறிய அந்த வெட்டினால் வீணாகிறது.

வேட்டையாடியவர் அப்படி உரித்துக் கொடுத்துவிட்டார் என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை. தலையை உரிக்காமல், நன்கு குளிரூட்டிக் கொண்டுவரும்படி அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது பாடம் செய்பவரின் பொறுப்பு.

தாடையை வாயோரத்தில் மடக்குவது

கீழ்த்தாடையின் மூட்டு காதுத் துளைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. மூடிய வாய்க்கான ஃபோம் தலையை உதடுகள் கூடும் இடத்தில் அறுத்துக் கீழே இறக்கினால், மூட்டு முகத்தின் நடுவில் இருப்பதுபோல் தோன்றும். வாய் திறக்கும்போது தாடை முழுவதும் அந்த மூட்டைச் சுற்றித் திரும்புகிறது, கன்னத் தசை நீண்டு தட்டையாகிறது, இரு தாடைகளுக்கும் இடையே வாயோரத் தோல் விரிந்து நிற்கிறது. இவை மூன்றையும் களிமண்ணில் காட்டிய பிறகே தோலைப் போர்த்த வேண்டும்.

முகத்தில் சினம், உடலில் ஓய்வு

மூக்கின்மேல் சுருக்கங்களோடு உறுமும் முகத்தை, காதுகள் தளர்ந்து நிதானமாக நடக்கும் உடலில் பொருத்துகிறார்கள். உண்மையில் அச்சமுற்ற கருங்கரடி பெரும்பாலும் மூச்சைச் சீறி விடும், பற்களை ஒன்றோடொன்று தட்டும். பல்லைக் காட்டி உறுமுவது சுவரொட்டிகளில் வரும் கரடிதான். வெயிலில் மூச்சிரைக்கும் கரடியின் திறந்த வாயைச் செய்து பாருங்கள். அது கடினமானது, நேர்மையானதும்கூட.

பற்கள்

கருங்கரடிக்கு மொத்தம் 42 பற்கள். கோரைப்பல்லுக்குப் பின்னுள்ள சிறிய முன்கடைவாய்ப் பற்கள் வளர்ந்த கரடிகளில் அடிக்கடி விழுந்திருக்கும், ஆகவே அந்த வெற்றிடத்தை அழகுக்காக அடைக்க வேண்டாம். இயற்கைப் பற்களைப் பயன்படுத்துவதானால் மண்டையோட்டைக் கொதிக்க வைக்காதீர்கள், பற்கள் வெடிக்கும்.

பளபளப்பு

வாய் முழுவதும் ஒரே பளபளப்பைப் பூசாதீர்கள்.

பார்த்துச் செய்யும் படம்

உயிருள்ள கரடியின் படமாக இருக்கட்டும். பரிசு பெற்ற வேறொருவர் பாடம் செய்த கரடியின் படமாக இருக்க வேண்டாம்.

காயும் முன் வண்ணம்

உதட்டை அட்டைத் துண்டும் குண்டூசியும் கொண்டு பிடித்துவைத்து, முதல் சில நாட்கள் காலையும் மாலையும் பார்த்து, ஈறிலிருந்து விலகும் இடத்தை ஈரம் இருக்கும்போதே மழுங்கிய கருவியால் திரும்ப அழுத்த வேண்டும். போட்டித் தேதி நெருங்கிவிட்டது என்று தோல் சுருங்குவது நிற்கும் முன்பே ஏர்பிரஷைக் (வண்ணம் தெளிக்கும் கருவியைக்) கையிலெடுத்தால், மேடையேறும் நாளில் வண்ணத்துக்கும் ஈறுக்கும் நடுவே நிறமற்ற கீற்று ஒன்று தெரியும். அத்தகைய கரடியை அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஒதுக்கிவைத்துவிடுங்கள்.