பீடோங்கிலிருந்து ஹாட்யாய்க்குச் சைக்கிளில்: துணை வேனோடு எல்லை தாண்டும் முதல் பயணம்

துணை வேன் வருகிறது என்றால் தண்ணீர், பை, உதிரிப் பொருள் எல்லாம் அதில் வந்துவிடும், நாம் மிதித்தால் போதும் என்று நினைப்பார்கள். மலேசிய தாய்லாந்து எல்லைச் சாவடி வரைக்கும் அது சரி. அங்கே வேன் ஒரு வரிசை, சைக்கிள்கள் இன்னொரு வரிசை. கூட்டம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேன் கண்ணிலேயே படாது. முதல் முறை போகும் குழுக்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் அதுதான். அதனால் கீழே உள்ள எல்லாத் தயாரிப்பும் அந்த ஒரு மணி நேரத்தை மனத்தில் வைத்தே சொல்லப்படுகிறது.

கணக்கு இது: மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து தென் தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு எட்டு ஓட்டிகள், ஒரு வேன், ஓட்டுநர் ஒருவர், நான்கு நாள்.

1. நாளையும் பாதையையும் முடிவு செய்தல்

முதல் நாள் பீடோங்கிலிருந்து குரூண், குவார் செம்பெடாக், கோத்தா சாராங் செமுட் வழியாக அலோர் ஸ்டார், சுமார் 55 கிலோமீட்டர். இரண்டாம் நாள் ஜித்ரா வழியாகச் சங்லூன், சுமார் 40. மூன்றாம் நாள் புக்கிட் காயு ஹீத்தாமில் எல்லை தாண்டி, டானோக், சடாவ் வழியாக ஹாட்யாய், சுமார் 65. நான்காம் நாள் திரும்புதல். இரண்டாம் நாள் வேண்டுமென்றே குட்டையாக வைக்கப்பட்டது. சங்லூனில் படுத்தால்தான் காலையில் முதல் வேலையாக எல்லைக்குப் போக முடியும்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய கூட்டரசுச் சாலை எண் 1ஐப் பிடித்துப் போக வேண்டும். வரைபடச் செயலியில் கார் வழியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர்ந்தால் அது உங்களை டோல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கிலும் பேராக்கிலும் சனி, ஞாயிறு. அதனால் வியாழன் மாலையிலிருந்தே எல்லை நெரிய ஆரம்பிக்கும். திங்கட்கிழமை புறப்பட்டு, புதன்கிழமை எல்லை தாண்டுவது நல்லது. பள்ளி விடுமுறை வேண்டாம். நவம்பர், டிசம்பரும் வேண்டாம்: ஹாட்யாய்ப் பக்கம் பெருமழைக் காலம் அது, 2010 நவம்பரில் நகரமே வெள்ளத்தில் நின்றது. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான். சாலையில் போகிறவர் மேல் வாளியோடு தண்ணீர் ஊற்றும் திருவிழா, இரண்டு சக்கரத்தில் போகிறவருக்கு அது விளையாட்டில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் கொளுத்தும், ஆனால் சாலை காய்ந்திருக்கும்.

ஹாட்யாயைத் தாண்டிக் கிழக்கே போக ஆசைப்படாதீர்கள். யாலா, பத்தானி, நராத்திவாட் மாநிலங்களிலும் சொங்க்லாவின் சானா, தேபா, நா தாவி, சபா யோய் மாவட்டங்களிலும் நெடுங்காலமாகக் கலவரம் உண்டு. பயணக் காப்புறுதி எடுக்கும்போது இந்த இடங்களுக்கு விலக்கு இருக்கிறதா, சைக்கிள் ஓட்டத்துக்குக் காப்பு உண்டா என்று இரண்டையும் கேளுங்கள்.

2. எட்டு வாரப் பயிற்சி

வாரம் மூன்று ஓட்டம் போதும். இரண்டு குட்டை, ஒன்று நீளம். நீள ஓட்டத்தை 20 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் எட்டுப் பத்தாகக் கூட்டி, ஏழாம் வாரம் 70ஐத் தொடுங்கள். எட்டாம் வாரம் ஓய்வுபோல் குறைத்துக்கொள்ளுங்கள். பீடோங்கிலிருந்து செமெலிங், மெர்போக் போய்த் திரும்புவது ஆரம்பத்துக்குப் பொருத்தம். பழைய கடாரத்தின் சின்னங்களை வைத்திருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் வழியிலேயே இருப்பதால், நின்று மூச்சு வாங்க நல்ல காரணமும் கிடைக்கும்.

ஒரே நாளில் 70 ஓட்டியவர்கூட மறுநாள் சீட்டில் உட்கார முடியாமல் தவிப்பார். ஐந்தாம் வாரத்திலிருந்து வார விடுமுறை இரண்டு நாளும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். எந்த இடம் உரசுகிறது, கை மரத்துப்போகிறதா என்பதெல்லாம் இரண்டாம் நாள்தான் தெரியும். கை மரத்தால் பெரும்பாலும் சீட் முனை கீழே சாய்ந்திருக்கும், உடல் எடை முழுவதும் கைமேல் விழும். முனையை மட்டப்படுத்திப் பாருங்கள்.

தோட்டப் பாதையில் பயிற்சி செய்கிறவர்கள் செம்பனை மட்டையைக் கவனியுங்கள். வெட்டிப் போட்ட மட்டையின் முள் டயரைச் சுலபமாகத் துளைக்கும்.

3. வேனில் என்ன இருக்க வேண்டும்

- டியூப்: ஆளுக்கு இரண்டு. அளவும் வால்வு வகையும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனியாக எழுதி ஒட்டவும். 29 அங்குல டியூபை 700க்கு 28 டயருக்குள் திணிக்க முடியாது.
- டயர்: குழுவில் உள்ள ஒவ்வொரு அளவிலும் ஒன்று.
- கியர் ஹேங்கர் (பின் கியரை ஃபிரேமோடு பிணைக்கும் சின்ன உலோகத் துண்டு): ஒவ்வொரு மாடலுக்கும் ஒன்று. சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது இதுதான், சடாவ் கடையில் உங்கள் மாடலுக்குக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.
- செயின் குவிக் லிங்க், செயின் கட்டர், பிரேக் பேட், 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவி, டயர் லீவர், நின்று அடிக்கும் பம்ப், செயின் எண்ணெய், பழைய துணி.
- பெரிய ஐஸ் பெட்டி, முதலுதவிப் பெட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம்.

தண்ணீர்க் கணக்கு: ஆளுக்கு மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். நான்கு மணி நேர ஓட்டத்துக்கு எட்டுப் பேருக்கு 16 முதல் 24 லிட்டர். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி வரும். இரண்டு பாட்டிலுக்கு ஒன்றில் உப்புக் கரைசல் இருக்கட்டும்.

4. வேன் எப்படி ஓட வேண்டும்

குழுவின் பின்னால் ஊர்ந்து வருவது பாதுகாப்பு என்று தோன்றும். திசைக்கு ஒரே தடம் உள்ள சாலையில் அது ஆபத்து. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வேனை முந்தப் பொறுமையிழந்த லாரிக்காரர் எதிர்ப்பக்கம் ஏறி, திரும்ப இடப்பக்கம் ஒடிக்கும்போது அங்கே உங்கள் சைக்கிள்கள் இருக்கும். வேன் 15 கிலோமீட்டர் முன்னால் போய், பெட்ரோல் நிலையத்திலோ மாமாக் கடை முன்னாலோ ஒதுங்கி நிற்கட்டும். கடைசி ஓட்டி வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். கடைசி ஓட்டியாக வருகிறவர் அனுபவசாலியாக, பம்பும் பஞ்சர் சாமானும் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். அவரை யாரும் முந்தவிட்டுப் பின்தங்கக் கூடாது.

கெடாவில் ஏழு மணிக்கு மேல்தான் வெளுக்கும். ஏழே காலுக்கு முன்பின் விளக்கோடு புறப்பட்டால் நண்பகலுக்குள் சேரலாம். குரூண் தாண்டியதும் வயல்வெளி: தட்டையான சாலை, நிழல் கிடையாது, எதிர்க்காற்று அடித்தால் ஏற்றம் ஏறுவதுபோல் இருக்கும்.

லாரிகள் அதிகமுள்ள இந்தச் சாலையில் பஞ்சருக்குப் பெரிய காரணம், வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய இரும்புக் கம்பி. டியூபை மாற்றிய பத்து நிமிடத்தில் மறுபடி காற்று போனால் கம்பி இன்னும் டயரில் இருக்கிறது என்று அர்த்தம். பழைய டியூபின் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, டயரில் அதே இடத்தில் துணியை உள்பக்கமாக ஓட்டுங்கள். நூல் மாட்டும் இடத்தில் கம்பி இருக்கும். விரலால் தேடினால் விரல்தான் கிழியும்.

5. தாள்கள்

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லாரும் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையத்தளம் கண்ணில் பட்டால் அது இடைத்தரகர். ஆளாளுக்கு நிரப்பி, கியூஆர் குறியைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வையுங்கள்.

வேனுக்குத்தான் வேலை அதிகம். வாகனப் பதிவு அட்டை, ஓட்டுநர் உரிமையாளர் இல்லையென்றால் அவருடைய அனுமதிக் கடிதம், தாய்லாந்தின் கட்டாய வாகனக் காப்புறுதி, தாய் குடிநுழைவுக்கும் சுங்கத்துக்குமான வாகனப் படிவங்கள். காப்புறுதியையும் படிவங்களையும் சங்லூன் கடைகளிலேயே முடித்துத் தருவார்கள். வாடகை வேன் என்றால் தாய்லாந்துக்குப் போக அனுமதி உண்டா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். வேனை உள்ளே கொண்டுபோனவர் பெயரில்தான் சுங்கத் தாள் இருக்கும். வெளியே கொண்டு வருவதும் அவரே. ஆகவே ஓட்டுநர் சைக்கிளும் ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

எட்டுச் சைக்கிளின் பிராண்டு, ஃபிரேம் எண், உரிமையாளர் பெயர் கொண்ட பட்டியலை இரண்டு படி எடுத்து வேனில் வையுங்கள். இதன் பயன் நான்காம் நாள் தெரியும்.

வேப் கருவியை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், தாய்லாந்தில் அதைக் கொண்டுபோவதே குற்றம். அங்கே கடையில் கிடைக்கும் ‘கெத்தும்’ என்ற போதை இலையோ கஞ்சாவோ எதுவும் திரும்பி வரும் வேனில் ஏறக் கூடாது. ஒருவர் பையில் இருந்தாலும் மாட்டுவது ஓட்டுநரும்தான்.

6. எல்லை நாள்

சங்லூனிலிருந்து எல்லை வரையுள்ள துண்டை ஓட்டுநர் முந்தின மாலையே வேனில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்: லாரிகள் எங்கே வரிசை கட்டுகின்றன, சைக்கிள் எங்கே ஒதுங்கலாம் என்று.

காலையில் புறப்படும் முன் ஒவ்வொருவர் இடுப்புப் பையிலும் இவை இருக்கிறதா என்று ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்: கடப்பிதழ், கைப்பேசி, கொஞ்சம் பாட் பணம், ஒரு டியூப், லீவர், பிஸ்கட். சைக்கிளில் நிரம்பிய இரண்டு பாட்டில். கடப்பிதழை வேன் பையில் வைத்துவிட்டு வரிசையில் நிற்பதுதான் வழக்கமாக நடக்கும் கூத்து.

சாவடியில் அதிகாரி காட்டும் பாதையில் போங்கள். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிச் செல்லுங்கள். முகப்பில் தொப்பி, கண்ணாடி கழற்ற வேண்டும். தாய்லாந்து நுழைவு முத்திரை விழுந்ததா, தேதி சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். முத்திரை இல்லாமல் உள்ளே போனால் திரும்பும்போது சட்டவிரோத நுழைவு என்று ஆகிவிடும்.

சந்திக்கும் இடத்தை முன்பே குறித்துவிடுங்கள், டானோக்கில் ஒரு குறிப்பிட்ட பெட்ரோல் நிலையம் என்பதுபோல். ‘தாண்டியதும் பார்க்கலாம்’ என்பது இடமில்லை. தாய்லாந்துக் கடிகாரம் மலேசியாவை விட ஒரு மணி நேரம் பின்னால், ஆகவே நேரம் சொல்லும்போது எந்த நாட்டு நேரம் என்றும் சொல்லுங்கள். உள்ளூர் சிம் டானோக்கிலேயே வாங்கலாம்.

7. தாய்லாந்துச் சாலை

அங்கேயும் இடப்பக்கம்தான். சாலை அகலம், ஓரமும் நல்ல அகலம். ஆனால் அந்த ஓரத்தில் எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள்கள் வரும். பதறாமல், பின்னால் பார்த்துவிட்டு, இடம் விடுங்கள். நடுத்தடுப்பில் இருக்கும் யூ வளைவுகளில் பெரிய வண்டிகள் திரும்ப நிற்கும், அங்கே வேகத்தைக் குறையுங்கள். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து மெல்ல நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் அங்கே உண்டு.

மரக்கறி உணவுக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட ‘ஜே’ கடைகளைத் தேடுங்கள். மற்றக் கடைகளில் கீரைப் பிரட்டலிலும் மீன் சாறு இருக்கும்.

அவசர எண்கள்: காவல் 191, ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலாக் காவல் 1155. கடப்பிதழ் தொலைந்தால் போக வேண்டிய மலேசியத் துணைத் தூதரகம் சொங்க்லாவில் இருக்கிறது.

8. திரும்புதல்

முன் சக்கரம் கழற்றினால் எட்டுச் சைக்கிளும் ஒரு பெரிய வேனில் அடங்கும், ஆட்களுக்கு இடம் இருக்காது. ஓட்டிகள் ஹாட்யாயிலிருந்து பாடாங் பெசாருக்கு ரயிலில் வந்து, இரண்டு நாட்டுக் குடிநுழைவையும் அந்த நிலையத்திலேயே முடித்துக்கொண்டு, மலேசியாவின் கொமுட்டர் ரயிலில் குரூணுக்கோ சுங்கை பட்டாணிக்கோ வரலாம். ஹாட்யாய் ரயில் ஒரு நாளில் ஓரிரு முறைதான், நேரத்தை முந்தின நாளே நிலையத்தில் கேட்டு வையுங்கள். ஓட்டுநர் தனியாக எட்டுச் சைக்கிளோடு சுங்கத்தில் நிற்கும்போது, இது விற்பனைச் சரக்கா என்ற கேள்வி வரலாம். அந்தப் பட்டியலை நீட்டச் சொல்லுங்கள். வெளியேறும்போது வேனின் தாய் சுங்கத் தாளைத் திருப்பிக் கொடுத்து முடிக்காவிட்டால் வேன் இன்னும் தாய்லாந்திலேயே இருப்பதாகப் பதிவாகி, பிறகு அபராதம் கட்ட நேரும்.