மூக்குக்குக் கோடு இல்லை: வெர்மீரைப் பார்த்து வரைதல்

பழைய ஓவியர்களைப் பார்த்து வரைந்து கைபழக நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் படம் ஒல்லாந்து (டச்சு) ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’. ஒரு முகம், ஒரு தலைப்பாகை, இருண்ட பின்னணி, அவ்வளவுதான். இதை நான் மூன்று முறை வரைந்திருக்கிறேன். முதல் இரண்டும் ஒரே இடத்தில் பிழையாகிப்போயின. அந்த இடத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

வெர்மீர் இதை வரைந்தது 1665 அளவில். எங்கள் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தர் திருத்திக் கட்டியதும் 1665இல்தான். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது அந்த வாசலைக் கடக்கிற ஒவ்வொரு முறையும் இது எனக்கு நினைவு வரும்.

முதலில் படம். விக்கிமீடியா பொதுவகத்தில் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கிறது. போனைப் பார்த்து வரையாதீர்கள். திரையின் வெளிச்சம் இருண்ட நிறங்களை எல்லாம் வெளிறச் செய்துவிடும். போட்டோகொப்பிக் கடையில் இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று கலரில், மற்றது கறுப்பு வெள்ளையில். மூலப்படம் 44.5 × 39 செ.மீ. அகலத்தை 19.5 செ.மீ. ஆக்கினால் சரிபாதி, ஏ4 தாளிலும் அடங்கும். பிரதியிலும் கன்வஸ் பலகையிலும் 2 செ.மீ. கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாகப் பென்சிலால் மெல்லப் பதியுங்கள்.

சாயம் அக்ரிலிக் போதும். டைட்டானியம் வெள்ளை, யெலோ ஓக்கர் (மண் மஞ்சள்), பேர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பேர்ன்ட் அம்பர் (கடும் பழுப்பு), அல்ட்ராமரின் (கடும் நீலம்), உதட்டுக்கு ஒரு சிவப்பு. கறுப்பு ரியூப் வாங்கவே வேண்டாம். அந்தப் பின்னணி இன்றைக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் வெர்மீர் அங்கே பூசியது பளபளக்கும் பச்சை, காலப்போக்கில் மாறிவிட்டது. அம்பரையும் அல்ட்ராமரினையும் கலந்தால் வரும் இருளில் உயிர் இருக்கும்.

இனி அம்பரைத் தண்ணீரில் கரைத்து, கறுப்பு வெள்ளைப் பிரதியை மட்டும் பார்த்து, ஒளி, நடுத்தரம், நிழல் என்று மூன்றே தரத்தில் முழுப்படத்தையும் பூசுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இந்த மூன்றும் தானாகப் பிரியும்.

நான் இடறியது இதற்குப் பிறகு, முகத்தில். மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஒரு மெல்லிய பழுப்புக் கோடு போட்டேன். அம்மா பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, மூக்கை ஒட்டவைச்ச மாதிரியெல்லோ கிடக்கு” என்றார். கோட்டை இன்னும் மெல்லியதாக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை. ஒருநாள் பின்னேரம் அம்மா யன்னலோரம் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முகம் பாதி திரும்பி வெளிச்சத்தைப் பார்த்தபடி. மூக்குத் தண்டுக்கும் அதற்கு அப்பாலுள்ள கன்னத்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. இரண்டும் ஒரே வெளிச்சம். ஓடிப்போய்ப் பிரதியைப் பார்த்தேன். வெர்மீரும் அங்கே கோடு போடவில்லை. நான்தான் மூக்கென்றால் கோடு இருக்கவேண்டும் என்று நினைத்து, இல்லாததை வரைந்திருக்கிறேன்.

ஆகவே படத்தின் இடப்பக்கம் மூக்கையும் கன்னத்தையும் ஒரே கலவையால் ஒரே பூச்சில் பூசுங்கள். மூக்கின் உருவத்தை மற்றப் பக்கத்து நிழல் பார்த்துக்கொள்ளும். நம்பிக்கை வராவிட்டால், ஒரு தாளில் சின்ன ஓட்டை போட்டுப் பிரதியில் வைத்து, இரண்டு இடத்து நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

முத்தும் அப்படித்தான். வட்டம் போட வேண்டாம். மேலே இடப்பக்கம் தடித்த ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டியின் மங்கிய சாயல். தோட்டுக்குக் கொக்கிகூட அவர் வரையவில்லை.

தலைப்பாகைக்கு அல்ட்ராமரின், வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளை கலந்து. அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி இருளும் என்பதால் கலவையைத் துண்டுத் தாளில் காயவைத்துப் பார்த்த பிறகே பூசுங்கள்.

பிற்சேர்க்கை: நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி, வறண்ட கச்சான் காற்றில் சாயம் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். நான் இதை எழுதியது மாரியில். அது எனக்குத் தோன்றவில்லை. மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள் நனைத்துப் பிழிந்த துணியை விரித்து, அதன்மேல் கேக் தட்டுக்குப் போடும் தாளை வைத்து, அதிலே சாயத்தைக் கலவுங்கள். யன்னலைச் சாத்துங்கள். நடுவில் எழும்பும்போது பெட்டியை மூடிவிட்டால் மத்தியானம் சாப்பிட்டு வந்த பிறகும் சாயம் ஈரமாகவே இருக்கும்.