குழந்தையுடன் நாடு மாறும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"என் பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு வந்தால் அது எப்படிக் கடத்தல் ஆகும்?" வெளிநாட்டில் மணவாழ்க்கை முறிந்து, குழந்தையோடு சென்னையிலோ கோவையிலோ வந்து இறங்கியவர்கள் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். முதல் தவறு இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 1980 அக்டோபர் 25 அன்று உருவாகி, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கும், நாடு கடந்த குழந்தைக் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கை, 16 வயது நிரம்பாத குழந்தையை, அது வழக்கமாக வசித்துவந்த நாட்டிலிருந்து, மற்றவருக்குள்ள கஸ்டடி உரிமையை (குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்து வளர்க்கும் உரிமையை) மீறிக் கொண்டுசெல்வதைச் சட்டத்துக்குப் புறம்பானது என்கிறது. கொண்டுசென்றவர் பெற்ற தாயா, தந்தையா என்பது அங்கே பொருட்டல்ல. கோடை விடுமுறைக்கென்று இருவரும் பேசிவைத்துப் போகவரப் பயணச்சீட்டு எடுத்தபின், ஜூலையில் திரும்பியிருக்க வேண்டிய குழந்தையை ஊரிலேயே நிறுத்திவைத்துப் பள்ளியில் சேர்த்துவிடுவதும் இதில் அடங்கும். புறப்பட்டது சம்மதத்தோடுதான் என்பதால் திரும்பாமல் இருப்பது சரியாகிவிடாது.

இந்தியா இந்த உடன்படிக்கையில் சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-இல் தன் 218-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தும் அது நடக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு, "இந்தியாவுக்கு வந்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது" என்று உறவினர்கள் தைரியம் சொல்கிறார்கள். மிக அதிகமாகக் கெடுதல் செய்யும் ஆலோசனை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். உடன்படிக்கை இல்லை என்றால், குழந்தையைத் திருப்பி அனுப்ப அதில் வகுத்துள்ள வழிமுறை இங்கே கிடைக்காது என்பது மட்டுமே பொருள். குழந்தையை நேரில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய மற்றவருக்கு எந்தத் தடையும் இல்லை. பிரிட்டனிலிருந்து 2012-இல் இரண்டு மகள்களுடன் கோவைக்கு வந்த ஒரு தாய், இங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்திருந்தார். ஆனாலும் குழந்தைகளைப் பற்றி பிரிட்டிஷ் நீதிமன்றம் முன்னரே பிறப்பித்திருந்த ஆணைகளுக்கு மதிப்பளித்து, அவர்கள் அங்கே திரும்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. 2017-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, எந்த நீதிமன்றம் முந்திக்கொண்டது என்பதைவிடக் குழந்தையின் நலனே மேலானது என்று அந்த அணுகுமுறையை மாற்றியது. அந்தத் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு நிம்மதி அடைபவர்கள், அதன் பிறகும் 2019, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில், அதே நலனை எடைபோட்டே, குழந்தைகளை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்ப உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தையை இப்படி நாட்டைவிட்டுக் கொண்டுவருவது மூன்றாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதும் பலருக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

இலங்கையின் நிலை வேறு. அந்நாடு 2001-இல் உடன்படிக்கையில் சேர்ந்து, அதற்கெனச் சட்டமும் இயற்றிக்கொண்டது. சிங்கப்பூர் 2010-இல் சேர்ந்தது. ஆகவே தஞ்சாவூருக்கு வந்தவருக்குச் சொல்லப்பட்ட யோசனையை யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழந்தையைப் பிரிந்து நிற்பவர் செய்யும் தவறுகளோ பெரும்பாலும் நல்ல மனத்திலிருந்து வருபவை. நள்ளிரவில், அழுது ஓய்ந்த களைப்பில், "சரி, கொஞ்ச நாள் அங்கேயே இருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறார். மாதங்கள் கழித்து அந்த ஒரு வரி அச்சிடப்பட்டு, நீதிமன்றத்தில் அவருடைய சம்மதத்துக்குச் சான்றாக வந்து நிற்கிறது. உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவின்படி, சம்மதமோ பின்னர் ஏற்றுக்கொண்டதோ நிரூபணமானால் குழந்தையைத் திருப்பி அனுப்ப நீதிமன்றம் மறுக்கலாம். அமைதி காக்க விரும்புகிறவர், எந்தத் தேதிவரை என்பதையும், குழந்தை அதற்குப் பின் திரும்ப வேண்டும் என்பதையும் அதே செய்தியில் எழுதிவிட வேண்டும்.

காலதாமதம் அதைவிடக் கொடியது. பெரியவர்கள் பேசி முடிப்பார்கள், தீபாவளிக்குள் சமாதானம் ஆகிவிடும் என்று காத்திருக்கும்போதே ஓராண்டு ஓடிவிடுகிறது. ஓராண்டுக்குப் பின் மனு வந்தால், குழந்தை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டது என்று மறுக்க 12-ஆவது பிரிவு இடம் தருகிறது. இந்திய நீதிமன்றங்களிலும், கழிந்துபோன ஒவ்வொரு பள்ளிப் பருவமும் குழந்தையைத் திரும்பப் பெறும் வாய்ப்பைக் குறைக்கிறது. பேச்சுவார்த்தை நடக்கட்டும், அது நல்லதுதான். ஆனால் மனு அதன் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

குழந்தையைத் திருப்பி அனுப்பும் ஆணையை கஸ்டடி தீர்ப்பாக எடுத்துக்கொண்டு இடிந்துபோகிறவர்களும் உண்டு. அந்த ஆணை எந்த நாட்டு நீதிமன்றம் முடிவு செய்யும் என்பதை மட்டுமே சொல்கிறது. குழந்தையோடு கூடவே திரும்பிச் சென்று, அங்கே வழக்காடி, சொந்த ஊருக்கு வர முறைப்படி அனுமதி பெறும் வழி திறந்தே இருக்கிறது.

அடிக்கும் கணவரிடமிருந்து தப்பி வரும் பெண்ணின் நிலையை மற்றவற்றோடு சேர்த்துப் பேசவே எனக்கு மனம் வரவில்லை. தந்தையர் குழந்தையைத் தூக்கிச் செல்வதையே பெரிதும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட உடன்படிக்கை இது. ஆனால் அதன்கீழ் வரும் வழக்குகளில் குழந்தையைக் கொண்டுசென்றவர் தாய்தான் என்பதே இன்று பெரும்பான்மை. குழந்தைக்குப் பெரும் ஆபத்து உண்டென்று காட்டினால் திருப்பி அனுப்ப மறுக்கும் விதிவிலக்கு 13-ஆவது பிரிவில் இருந்தாலும், அதைக் காட்ட வேண்டிய சுமை அவர் தலையில்தான் விழுகிறது. கன்னத்து வீக்கம் வடிந்தபின், வெறும் வாய்ச்சொல்லை நீதிமன்றம் எவ்வளவு தூரம் ஏற்கும்? உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் வீட்டைவிட்டு வெளியேறுவதே சரி. ஆனால் முடிந்தவரை அந்த நாட்டை விட்டுப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் காயத்தைக் காட்டிக் குறிப்பு வாங்குவதும், காவல்துறையிடம் புகார் எண் பெறுவதும், உள்ளூர் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்பதும் பின்னாளில் அவரையும் குழந்தையையும் காக்கும். வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு வருவதுதான் நம் பெண்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு.

இன்னொன்று, பள்ளி வாசலில் காத்திருந்து குழந்தையைத் திரும்பத் தூக்கி வருவது. அது மீட்பு ஆகாது. இரண்டாவது கடத்தலாகவே பார்க்கப்படும், அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயமும் போய்விடும். அதேபோல், குழந்தையைத் தன்னிடம் வைத்திருப்பவர் மற்றவரின் அழைப்புகளைத் துண்டிக்கக் கூடாது. ஓராண்டு இடைவெளிக்குப் பின் திரையில் அப்பாவின் முகத்தைப் பார்த்த ஐந்து வயதுக் குழந்தை, யாரோ என்று பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். வாரத்துக்கு இரண்டு முறை, இரு நாட்டு நேரத்துக்கும் பொருந்தும் ஒரு மணியைக் குறித்துக்கொண்டு, வழக்கு எந்தப் பக்கம் போனாலும் அந்த அழைப்பை நடத்திவைப்பதே குழந்தைக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை.