விசேஷத்தை முன்நின்று நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை, ஆவணி வந்துவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் மண்டபம் கிடைப்பது கஷ்டம். இப்போதெல்லாம் பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் முன்நின்று நடத்துகிறார்கள். மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் அந்த வயதில் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். வந்தவரை "வாங்க" என்று கேட்பது, பெரியவருக்கு எழுந்து இடம் விடுவது எல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "இதுதான் முறை", "இல்லை, அதுதான் முறை" என்று ஆளாளுக்குப் பேசி, கடைசியில் மனஸ்தாபத்தில் கொண்டுபோய் விடுகிற விஷயங்களை மட்டும் இங்கே பார்ப்போம்.

தமிழ்த்தாய் வாழ்த்தும் நாட்டுப்பண்ணும்

பள்ளி ஆண்டு விழாவோ சங்கக் கூட்டமோ, நம் ஊரில் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் நாட்டுப்பண். முதல் தவறு, செல்போனில் போட்டு ஒலிபெருக்கியில் விடுவது. பாதியில் யாரோ கூப்பிடுவார்கள், மணி அடிக்கும், எழுந்து நிற்கிற முன்னூறு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பார்கள். தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்து 2021 டிசம்பரில் வந்த அரசாணையே, ஒலித்தட்டை விடாமல் பயிற்சி பெற்றவர்களை வைத்து வாய்ப்பாட்டாகப் பாடச் சொல்கிறது. மோகன ராகம், திஸ்ர தாளம், 55 விநாடி. நாட்டுப்பண் முழுதாகப் பாட சுமார் 52 விநாடி. பாடுகிற பிள்ளைகளைக் கடிகாரம் வைத்து மூன்று முறை பாடவைத்துப் பாருங்கள். ஒன்றேகால் நிமிஷம் ஆகிறது என்றால் இழுக்கிறார்கள் என்று அர்த்தம்.

சுருதி இல்லாமல் ஆரம்பிப்பது இரண்டாவது தவறு. உற்சாகத்தில் ஒரு பிள்ளை உச்சத்தில் எடுத்துவிடும். நாட்டுப்பண்ணில் 'ஜய ஹே' மேல் ஸட்ஜத்தை, அதாவது உச்ச 'ஸ'வைத் தொடுகிற இடம், அங்கே போனதும் பாதிப் பேருக்குக் குரல் நின்றுவிடும். சுருதிப் பெட்டியை முன்கூட்டியே வைத்து, கூட்டத்தால் எட்ட முடிகிற தாழ்ந்த சுருதியில் தொடங்குங்கள். முதலில் வருவது 'ஜன கண மன', கடைசியில் வருவது 'ஜன கண மங்கள தாயக'. இரண்டாவது இடத்திலும் 'மன' என்று பாடிவிட்டுத் தடுமாறாத மேடை குறைவு.

அறிவிப்பவர் "எழுந்து நிற்கவும்" என்று சொன்னதும் பாட்டு கிளம்பக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலிகள் பின்னால் நகர்கிற சத்தம் அடங்க பத்துப் பதினைந்து விநாடி ஆகும். அது அடங்கட்டும்.

எழாதவரை முறைப்பதுதான் இந்த விஷயத்தில் பெரிய சண்டை. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மாற்றுத்திறனாளிகள் நிற்கத் தேவையில்லை என்று அந்த அரசாணையே சொல்கிறது. நாட்டுப்பண்ணுக்கு மரியாதையாக எழுந்து நின்று, தன் மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த பிள்ளைகள் செய்தது குற்றமில்லை என்று 1986-லேயே உச்ச நீதிமன்றம் கேரள வழக்கில் சொல்லிவிட்டது. நாட்டுப்பண் விஷயத்தில் 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது, பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும் பாடுகிற கூட்டத்தில் இடையூறு செய்பவரையும்தான். முட்டி வலியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியை ஒலிபெருக்கியில் "எழுந்திருங்கம்மா" என்று சொல்கிற தம்பிக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

இலையை எந்தப் பக்கம் மடிப்பது

வரிசையில் மூத்தவர் எப்படி மடிக்கிறாரோ அப்படி.

மொய்: ஊர் இல்லாத கவர்

இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் பார்த்தால் கோபம் வருகிற தவறு இது. பணம் போவதோடு உறவும் போகிறது.

இளைஞர்கள் பலர் மொய்யை அன்பளிப்பு என்று நினைக்கிறார்கள். மொய் அன்பளிப்பு இல்லை. அது வட்டியில்லாத கைமாற்று. ஒரு வீட்டில் செலவு வந்து நிற்கிறபோது ஊரே கொஞ்சம் கொஞ்சமாகக் கை கொடுக்கும், அடுத்தவர் வீட்டுச் செலவுக்கு இவர் திருப்பிக் கொடுப்பார். பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்தே தனியாக நடக்கிறது. கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்காகவே சாப்பாடு போட்டு நடத்துவது அது. ஒரு குடும்பம் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வைப்பது வழக்கம். அங்கே மொய் நோட்டுக்கு உள்ள மதிப்பு பத்திரத்துக்கு உள்ள மதிப்பு.

இப்போது நடப்பதைப் பாருங்கள். பட்டணத்திலிருந்து வருகிற பிள்ளை மொய் எழுதுகிற மேசையைக் கடந்து நேராக மேடைக்குப் போகிறது. மாப்பிள்ளை கையில் கவரைத் திணிக்கிறது, போட்டோ எடுத்துக்கொள்கிறது, பந்திக்குப் போகிறது. கவர் மாப்பிள்ளையின் சட்டைப் பையிலிருந்து தோழன் கைக்கும், தோழன் கையிலிருந்து ஒரு துணிப் பைக்கும் போகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு அதைக் கொட்டினால் நாற்பது கவர். ஒன்றின் மேல் "அன்புடன் முருகேசன் குடும்பத்தார்" என்று இருக்கிறது. உள்ளே ஆயிரம் ரூபாய். எந்த முருகேசன்? மேலத்தெருவில் இரண்டு, கீழத்தெருவில் ஒன்று, மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிறவர் ஒருவர், பெண் வீட்டு வழியில் ஒருவர். கேட்கவும் கூச்சம். "நீங்க மொய் வச்சீங்களா?" என்று யாரைப் போய்க் கேட்பது?

மூன்று வருஷம் கழித்து மேலத்தெரு முருகேசன் வீட்டில் பெண்ணுக்குச் சடங்கு. நோட்டைப் புரட்டிப் பார்க்கிறார்கள், அவர் பெயர் இல்லை. சரி, புதிதாகச் செய்வோம் என்று இருநூறு எழுதுகிறார்கள். அன்று ராத்திரி முருகேசன் வீட்டில் கணக்குப் பார்க்கும்போது, "நாம ஆயிரம் செஞ்ச எடத்துல இருநூறா?" என்று பேச்சு கிளம்புகிறது. அதற்கப்புறம் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் பத்திரிகை போவது நிற்கிறது. இரண்டு பக்கமும் யாரும் ஏமாற்றவில்லை. கவரில் ஊரும் தெருவும் தகப்பனார் பெயரும் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே கவர் கொடுத்தாலும் சரி, ரொக்கம் கொடுத்தாலும் சரி, மேசையில் நின்று எழுதிவிட்டுப் போங்கள். ஊர், தெரு, தகப்பனார் பெயர், உங்கள் பெயர், தொகை. "மேலத்தெரு கோவிந்தசாமி மகன் முருகேசன், ஆயிரத்தொன்று" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலை வெளியூரில் இருந்தாலும் பூர்வீக ஊரைத்தான் சொல்ல வேண்டும். திருப்பூர் என்று எழுதினால் இருபது வருஷம் கழித்து நோட்டைப் பார்க்கிற பிள்ளைக்கு யாரென்று தெரியாது. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மேசை, பெண் வீட்டுக்கு ஒரு மேசை இருக்கும். யார் அழைத்தார்களோ அந்த மேசைதான் உங்களுடையது.

செல்போனில் அனுப்புகிறவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள். கணக்கு மனைவி பெயரிலோ கடை பெயரிலோ இருக்கும், வாங்குகிறவருக்கு அந்தப் பெயர்தான் தெரியும். அனுப்பியதும் வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு, "மாமா, இவ்வளவு போட்டிருக்கேன், அப்பா பேர்ல எழுதிடுங்க" என்று சொல்லி, எழுதியாகிவிட்டதா என்று மறுநாளும் கேளுங்கள்.

மேசையில் உட்காருபவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஒரே ஆள் வாங்கவும் எழுதவும் கூடாது. ஒருவர் எண்ணித் தொகையைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுத, மூன்றாமவர் தாம்பூலப் பை கொடுக்க வேண்டும். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். ஜெல் பேனா வேண்டாம், பன்னீரும் சந்தனமும் தெறிக்கிற மேசை அது, மை கரைந்துவிடும். கவரைக் கொடுத்தவர் முன்னாலேயே பிரித்து, தொகையைக் கவரின் மேல் குறித்து, காலிக் கவரைக் கணக்கு முடியும்வரை வைத்திருங்கள். ஒரு பக்கத்துக்கு இருபது வரி என்று வைத்துக்கொண்டு, பக்கம் முடிந்ததும் அடியில் கூட்டல் போட்டு, அந்தப் பக்கத்துப் பணத்தைத் தனியாக ரப்பர் போட்டு, பக்க எண் எழுதிய சீட்டோடு கட்டி வையுங்கள். ராத்திரி ஐந்நூறு ரூபாய் இடித்தால் அந்த ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தால் போதும். இதைச் செய்யாத வீட்டில் விடிய விடிய மொத்தப் பணத்தையும் எண்ணுகிறார்கள், அப்புறம் மேசையில் உட்கார்ந்த பையன்மேல் சந்தேகப்படுகிறார்கள். அது பெரிய பாவம்.

திருப்பிச் செய்யும்போது நோட்டைப் பார்க்காமல் போகாதீர்கள். அவர்கள் ஆயிரம் செய்திருந்தால் ஆயிரத்தோடு புதிதாக ஐந்நூறோ ஆயிரமோ சேர்த்து வைப்பதுதான் நடைமுறை. ஆயிரத்தை மட்டும் வைத்தால், "கணக்கை முடிச்சுக்கலாம்" என்று நீங்கள் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கையில் இல்லாத வருஷமும் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் முதல்நாளே நேரில் போய், "இந்தத் தடவை பாதிதான் முடியும், மீதியை அறுவடைக்கு அப்புறம் செய்யறேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னவரை யாரும் தப்பாக நினைத்ததில்லை. சொல்லாமல் விசேஷத்துக்கே வராமல் இருப்பவரைத்தான் ஊர் பேசும்.

ஓட்டலில் டிப்ஸ்

பில்லில் இருக்கும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியைப் பார்த்து, "சர்வீஸுக்கும் சேர்த்துத்தான் வாங்கிட்டாங்களே" என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. அது அரசுக்குப் போகிற வரி, சப்ளையருக்கு அதில் ஒரு காசும் இல்லை. சேவைக் கட்டணம் வேறு. அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், மறுத்தால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கலாம். அதைச் சப்ளையரிடம் சண்டையாகக் கேட்காதீர்கள், கல்லாவில் கேளுங்கள்.

நின்றபடி டிகிரி காபி குடித்துவிட்டுப் போகிற கடையில் டிப்ஸ் தேவையில்லை. உட்கார்ந்து சாப்பிட்டால் பத்தோ இருபதோ கையில் கொடுங்கள். க்யூஆர் அட்டையில் சேர்த்துப் போட்டால் அது முதலாளி கணக்குக்குத்தான் போகும். மேசை துடைப்பவருக்குத் தனியாகப் பத்து ரூபாய் கொடுப்பவர்கள் நம் பக்கம் மிகக் குறைவு. கொடுக்கப் பழகுங்கள்.

மேளக்காரருக்கும் பந்தி ஆட்களுக்கும்

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த மண் இது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கருவியை ஊதுகிறவருக்குப் பல கல்யாணத்தில் கடைசிப் பந்தியில்தான் சோறு. முகூர்த்தம் முடிந்ததும் முதல் வேலையாக அவர்களை உட்காரவையுங்கள்.

ஆலாபனை நடக்கும்போது பக்கத்தில் போய் நோட்டைச் சட்டையில் குத்தாதீர்கள், மூச்சு கலையும். உருப்படி முடியட்டும். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, இரண்டு கையாலும் கொடுங்கள். தவில்காரருக்குத் தனித் தட்டு. தாளம் போடுகிறவரையும் சுருதி பிடிக்கிறவரையும் விட்டுவிடாதீர்கள். விருந்தாளிகள் கொடுத்த அன்பளிப்பைக் கணக்குப் பார்த்து, பேசிய சம்பளத்தில் கழிக்கிற வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். சம்பளம் நீங்கள் பேசியது, அன்பளிப்பு கேட்டவர் மனம் நிறைந்து கொடுத்தது.

பந்திக்காரர்களுக்குக் கொடுப்பதை மொத்தமாகக் காண்டிராக்டர் கையில் கொடுத்தால் கடைசி ஆளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. எத்தனை பேர் என்று கேட்டு, தனித்தனிக் கவரில், எல்லாரும் இருக்கும்போது கொடுங்கள். எச்சில் இலை எடுத்தவரும் பாத்திரம் துலக்கிய அம்மாவும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார்கள்.

கேத வீட்டில்

"போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்துவிடுங்கள்.