தாண்டும் குதிரைக்குக் கால் பூட் எப்படித் தேர்வு செய்வது?

குதிரையின் முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முன்பக்கம் எலும்பு தட்டுப்படும். பின்பக்கம் முறுக்கிய கயிறு போலத் தசைநாண்கள். அவற்றின் மேல் தோல் மட்டும்தான், சதையே கிடையாது. ஐந்நூறு கிலோ எடையுள்ள உடம்பு தடையைத் தாண்டி இறங்கும்போது, முன்னங்கால்கள் மண்ணைத் தொட்ட மறுகணமே பின்னங்கால்கள் வந்து விழுகின்றன. முன்னங்கால் எழக் கொஞ்சம் தாமதமானால், லாடம் அடித்த பின்குளம்பு நேராக அந்தத் தசைநாணில் போய் இடிக்கும். காலைச் சுற்றிக் கட்டும் காப்பு உறையான பூட்டை வாங்குவது இதற்காகத்தான்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பூட் அடியைத் தாங்கும், அவ்வளவுதான். தசைநாணுக்கு முட்டுக் கொடுத்து, சுளுக்கு வராமல் காக்கும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். வலி உள்ள குதிரைக்கு பூட் மாட்டித் தாண்ட வைப்பது பெரிய தவறு.

படி 1: குதிரை எங்கே இடித்துக்கொள்கிறது என்று பாருங்கள்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். நான்கு கால்களையும் கழுவிக் காயவிட்டு, உள்பக்கத்தில் முடி உதிர்ந்த இடம், பழைய வடு, சின்ன வீக்கம் ஏதாவது உண்டா என்று தேடுங்கள். அப்புறம் நனைத்த சாக்பீஸைக் குளம்புகளின் உள்ஓரத்தில் நன்றாகப் பூசி, பத்து நிமிடம் டிராட்டில், அதாவது மிதமான ஓட்டத்தில், ஓட்டிவிட்டுக் கால்களைப் பாருங்கள். நான் ஓட்டும் பெட்டைக் குதிரையின் இடது பின்காலில், கணுவின் உள்பக்கம், கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. வலது குளம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் அங்கே உரசிக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக அதன் மேல் ஏறியும் எனக்கு அது தெரியவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் எந்த பூட் வாங்க வேண்டும் என்று புரிந்தது.

படி 2: அடிக்கு ஏற்ற வகை

முன்னங்கால்களுக்கு, தசைநாணைக் காக்கும் டெண்டன் பூட். பின்புறமும் பக்கங்களும் கெட்டியான ஓடு, முன்புறம் திறப்பு. திறப்பு ஏன்? மைதானத்தில் தடை தாண்டும் ஷோ ஜம்பிங் போட்டியில் கட்டை தாங்கியில் சும்மாதான் உட்கார்ந்திருக்கும், தட்டினால் விழுந்துவிடும். கால் கட்டையில் பட்டால் குதிரைக்கு அது தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அடுத்த முறை காலை இன்னும் மடக்கும்.

பின்னங்கால்களுக்கு ஃபெட்லாக் பூட். கணுவை மட்டும் மூடும் குட்டையான பூட் இது. சாக்பீஸ் கோடு விழுந்த இடத்தைக் காப்பது இதுதான்.

பின்குளம்பு முன்காலின் குதியை மிதிக்கும் குதிரை என்றால் பெல் பூட் கட்டாயம். மணி போலக் குளம்பைச் சுற்றி நிற்கும். லாடம் பிடுங்கிக்கொண்டு போவதையும் தடுக்கும்.

திறந்தவெளியில் ஓடித் தாண்டும் கிராஸ் கன்ட்ரிக்கு மேலே சொன்ன டெண்டன் பூட் போதாது. 2018 ஆசிய விளையாட்டில் இந்திய வீரர் ஃபவாத் மிர்சா வெள்ளி வென்ற ஈவெண்டிங் என்ற பல பிரிவுக் குதிரையேற்றப் போட்டியில் ஒரு நாள் முழுக்க கிராஸ் கன்ட்ரிதான். அங்கே தடைகள் அசையாத மரக்கட்டைகள். அதனால் முன்புறமும் மூடிய, தண்ணீர் தங்காமல் வடியும் பூட் வேண்டும்.

கையில் பணம் குறைவா? முதலில் முன்னங்கால் ஜோடியும் பெல் பூட்டும் வாங்குங்கள். பின்னங்கால் ஜோடியை அடுத்த மாதம் வாங்கலாம். ஆனால் எங்கள் குதிரை மாதிரி பின்னால் உரசுகிறது என்றால் அதையும் தள்ளிப்போட வேண்டாம்.

படி 3: நம்ம ஊர் வெயிலை மறக்காதீர்கள்

வேகமாக ஓடும் குதிரையின் தசைநாணுக்குள் வெப்பம் 45 டிகிரி வரை ஏறுவதை அளந்திருக்கிறார்கள். அதன் மேல் காற்றுப் புகாத தடித்த நியோப்ரீன் ரப்பரைச் சுற்றினால் சூடு வெளியேற வழி ஏது? நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்றைத்தான். சென்னை மே மாதத்தில் ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றினால் முடி நனைந்து ஒட்டியிருந்தது, உள்ளே புகுந்த மணல் தோலைத் தேய்த்துச் சிவக்க வைத்திருந்தது. துளைகள் உள்ள ஓடு, காற்றோட்டமான உள்துணி, இவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம். ஆட்டுத்தோல் உள்வைத்தது மென்மையாக இருக்கும், ஆனால் மழைக்காலத்தில் லேசில் காயாது.

படி 4: அளவு

போனி, காப், ஃபுல் என்று அளவு போட்டிருப்பார்கள். அது தோராயம்தான். முழங்காலுக்குக் கீழிருந்து கணு வரை உயரத்தையும், நடுவில் சுற்றளவையும் டேப் வைத்து அளந்து கொண்டு போங்கள். மாட்டிய பிறகு முழங்கால் மடியும்போது மேல்விளிம்பு குத்தக் கூடாது. கீழே கணுவின் பின்புறம் கிண்ணத்தில் உட்கார்ந்த மாதிரி பொருந்த வேண்டும். பூட்டுக்கும் காலுக்கும் இடையே ஒரு விரல் இறுக்கமாக நுழைந்தால் சரி. இரண்டு விரல் தாராளமாகப் போனால் பூட் சுழலும், சுழன்றால் மணல் நுழையும்.

போட்டிக்குப் போகிறவர்கள் விதியையும் பாருங்கள். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் ஜம்பிங் விதிப்படி ஒரு காலில் மாட்டுவது எல்லாம் சேர்ந்து 500 கிராமைத் தாண்டக் கூடாது, லாடம் இதில் சேராது. உள்பக்கம் மட்டும் ஓடு உள்ள பின்னங்கால் பூட்டின் உள்நீளம் 16 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், பட்டை இழுபடாததாக இருக்க வேண்டும். 2021 முதல் இது எல்லாப் பிரிவினருக்கும் பொருந்தும். இறுக்கிக் கட்டிய கனமான பின் பூட்டால் குதிரை காலை அளவுக்கு மீறி உதறித் தூக்கும், அதை வைத்துச் சிலர் வெற்றி தேடினார்கள். அதற்கு முடிவு கட்ட வந்த விதி இது, மனதார வரவேற்கிறேன்.

படி 5: மாட்டுவது, கழற்றுவது

காலையும் பூட்டின் உள்புறத்தையும் துடைத்துவிட்டு, கொஞ்சம் மேலே வைத்து, முடி படியும் திசையில் கீழே இறக்குங்கள். பட்டைகள் வெளிப்பக்கம், நுனி பின்னால் பார்த்தபடி இருக்க வேண்டும். நடுப்பட்டையை முதலில் போடுங்கள், எல்லாம் ஒரே இறுக்கம். மண்டி போடாமல் குந்தியே செய்யுங்கள், குதிரை திடீரென்று நகர்ந்தால் எழ வசதி. கழற்றும்போது கீழ்ப்பட்டையிலிருந்து தொடங்குங்கள்.

ஓட்டி முடித்ததும் உடனே கழற்றி, காலுக்குக் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். துடைத்து, சற்று நேரம் கழித்து இரண்டு முன்கால்களையும் இரண்டு உள்ளங்கையில் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாகவோ தடித்தோ இருந்தால் அடுத்த நாள் தாண்ட வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பிறகு பூட்டைக் கழுவி நிழலில் காயப்போடுங்கள், வெல்க்ரோவில் சிக்கிய முடியைப் பழைய பல்துலக்கியால் எடுத்துவிடுங்கள். ஓட்டில் விரிசல் தெரிந்தாலோ வெல்க்ரோ தானாக விடுபட்டாலோ அந்த ஜோடியை மறுபடி மாட்டாதீர்கள்.